ஆயாவின் சம்பளச் சீட்டு



நம் இல்லங்களில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு நாம் எவ்வாறு ஊதியம் கொடுக்கிறோம், எவ்வாறு கொடுக்க வேண்டும் என்பதைப் பற்றி இன்று சில சொற்கள் கூற விரும்புகிறேன். இதில் பேச என்ன இருக்கிறது, மாதம் பிறந்தால் ஏதோ ஒரு தொகையைக் கொடுக்கிறோம், அவளும் வாங்கிக்கொண்டு போகிறாள் என்று சிலர் எண்ணக்கூடும். அந்த ‘ஏதோ ஒரு தொகை’யைப் பற்றியதே இன்றைய பேச்சு.

காரைக்குடியிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்லும் குடும்பங்கள் இன்று பெருகிவிட்டன. பல்கலைக்கழகம், மின்வேதியியல் ஆய்வு நிலையம், வங்கிகள், பள்ளிகள், மருத்துவமனைகள் எனப் பெண்கள் பணியாற்றும் இடங்கள் பல. முன்னாளில் வீட்டிலிருந்த பாட்டிமார் மடியில் வளர்ந்த குழந்தை, இன்று பக்கத்துச் சிற்றூரிலிருந்து பேருந்தில் வரும் ஒரு பெண்ணின் கையில் வளர்கிறது. அந்தப் பெண்ணை நாம் ஆயா என்று அழைக்கிறோம்.

இந்தச் சொல்லைச் சற்றே நோக்குவோம். செட்டிநாட்டு நகரத்தார் இல்லங்களில் ஆயா என்றால் அம்மாவைப் பெற்ற பாட்டி. தந்தையைப் பெற்றவர் அப்பத்தா. வேலைக்கு வரும் ஆயாவைக் குறிக்கும் சொல்லோ போர்த்துக்கீசியர் வழியாக இந்திய மொழிகளில் புகுந்தது என்பர் மொழிநூலார். ஒலி ஒன்று, உறவு வேறு. ஆயினும் இவ்விரண்டும் நம் மனத்தில் கலந்துவிட்டன. ஊதியத்துக்கு வரும் பெண்ணை ஆயா என்று அழைக்கும்போது, பாட்டிக்குரிய உரிமை எதனையும் அவருக்கு நாம் அளிப்பதில்லை. பாட்டியைப் போல நேரம் காலம் பாராமல் உழைக்க வேண்டும் என்று மட்டும் எதிர்பார்க்கிறோம். “எங்கள் வீட்டில் ஒருத்தி போல இருக்கிறாள்” என்று பெருமையாகச் சொல்வோர் பலர். சொல்வதில் தவறில்லை. ஆனால் அந்தச் சொல் பல இல்லங்களில் கணக்குக் கேட்க முடியாதபடி வாயை அடைக்கும் சொல்லாகவும் இருந்து வருகிறது.

கணக்குப் பார்த்தால் அன்பு குறைந்துவிடும் என்று அஞ்சுவோர் செட்டிநாட்டின் பழைய வழக்கத்தைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். நகரத்தார் இல்லங்களில் மகனுக்குத் திருமணமானதும் அவனையும் மருமகளையும் ‘வேறு வைப்பது’ என்பது நெடுநாள் மரபு. ஒரே கூரையின்கீழ், ஒரே வளவில் வாழ்வார்கள். ஆனால் அரிசிக்கும் பிற செலவுகளுக்கும் ஆண்டுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்து, அடுப்பைத் தனியாக்கிவிடுவார்கள். தந்தைக்கும் மகனுக்கும் இடையிலேயே கணக்கு உண்டு. அதனால் பாசம் அற்றுப்போயிற்று என்று எவரும் கூறியதில்லை. மாறாக, மனத்தாங்கல் வாராமல் காத்தது அந்தக் கணக்குத்தான் என்று பெரியோர் கூறுவர்.

தொழிலிலும் அப்படியே. பர்மாவிலும் இலங்கையிலும் மலேயாவிலும் சைகோனிலும் நகரத்தார் கொடுக்கல் வாங்கல் நடத்திய காலத்தில், கடலுக்கு அப்பால் செல்லும் மேலாளுக்குச் சம்பளச் சீட்டு எழுதுவது வழக்கம். பெரும்பாலும் மூன்றாண்டுத் தவணை. தவணைக்கு உரிய சம்பளம் எவ்வளவு, முன்பணமாகக் கொடுப்பது எவ்வளவு என்பன புறப்படுமுன்பே முடிவாகிவிடும். பேரேடு எழுதி, ஐந்தொகை கட்டி, காசு பிசகாமல் கணக்கு ஒப்புவித்த மண் இது. அத்தகைய மண்ணில், பெட்டகத்துப் பணத்தினும் அரிய பொருளாகிய குழந்தையைக் காத்தவளுக்கு மட்டும் சீட்டு எழுதப்படவில்லை; வாய்ச்சொல்லே போதும் என்று விடப்பட்டது. விட்டுப்போன அந்தச் சீட்டை இனியேனும் எழுத வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

வாய்ச்சொல்லை நம்பியவர்கள் என்ன ஆனார்கள் என்பதற்கு வரலாற்றில் ஒரு சான்று உண்டு. ஆங்கிலேயர் ஆட்சியில், தாயகம் திரும்பும் ஐரோப்பியக் குடும்பங்கள் கப்பலில் குழந்தைகளைக் கவனிப்பதற்காக இந்திய ஆயாக்களை உடன் அழைத்துச் செல்வதுண்டு. திரும்பி வரப் பயணச்சீட்டு வாங்கித் தருவோம் என்று சொல்லி அழைத்துச் சென்று, இலண்டன் சேர்ந்ததும் கைவிட்டவர்களும் இருந்தார்கள். அவ்வாறு நின்ற பெண்கள் தங்குவதற்கென்றே அந்நகரில் ஆயாக்கள் இல்லம் ஒன்று இயங்கியது. 1900ஆம் ஆண்டில் அது ஹாக்னி பகுதிக்கு மாறியது. அங்கே அது இருந்த கட்டடத்தில் 2022ஆம் ஆண்டு நினைவுப் பலகை பதித்திருக்கிறார்கள். பலகை பதித்தது நன்று. அப்பெண்களின் கையில் அன்றே ஒரு சீட்டு இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்.

இனி நம் ஊர்க் கணக்குக்கு வருவோம். காகிதமும் எழுதுகோலும் அருகில் இருந்தால் நேயர்கள் குறித்துக்கொள்ளலாம். வீட்டோடு தங்கிக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெண்ணுக்கு மாதம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கேட்பதற்கு நல்ல தொகையாகத் தோன்றும். காலை ஐந்து மணிக்குப் பால் காய்ச்ச எழுகிறார். இரவு ஒன்பது மணிக்குக் குழந்தை உறங்கிய பிறகு படுக்கிறார். நாளொன்றுக்குப் பதினாறு மணி நேரம். விடுமுறை இல்லையெனின் முப்பது நாளுக்கு 480 மணி நேரம். பத்தாயிரத்தை 480ஆல் வகுத்தால் மணிக்கு 20 ரூபாய் 83 காசு வருகிறது. மாதத் தொகையாகப் பார்க்கும்போது மறைந்திருந்த உண்மை, மணிக்கணக்காக வகுத்தவுடன் வெளிப்பட்டுவிடுகிறது. ஆகவேதான் மணிக்கணக்கு வேண்டும் என்கிறேன்.

இந்த 20 ரூபாய் 83 காசு போதுமா என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. வீட்டுப் பணியாளருக்கென ஒரு நல வாரியத்தைத் தமிழக அரசு 2007ஆம் ஆண்டில் அமைத்தது. 2018ஆம் ஆண்டில் வீட்டு வேலைக்கு மணிக்கணக்கில் குறைந்தபட்சக் கூலியும் அறிவிக்கப்பட்டது. வேலையின் திறனுக்கேற்ப மணிக்குச் சற்றேறக்குறைய 37 முதல் 39 ரூபாய் என்பது அன்றைய நிர்ணயம். விலைவாசி அதற்குப் பின் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதைக் கடைக்குச் செல்லும் யாவரும் அறிவர். 2018இல் போட்ட அந்த அடிமட்டக் கோட்டிற்கே நம் பத்தாயிரம் ரூபாய் எட்டவில்லை.

“உணவும் உடையும் இருக்க இடமும் கொடுக்கிறோமே, அவற்றைக் கூட்டிக்கொள்ளக் கூடாதா?” என்று கேட்பார்கள். சம்பளம் என்னும் சொல்லையே சம்பா நெல், அளமாகிய உப்பு என்று பிரித்துப் பொருள் கூறுவார் உண்டு. அக்காலத்தில் நெல்லும் உப்பும் கூலியாக இருந்திருக்கலாம். ஆனால் 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், கூலி பணமாகக் கொடுக்கப்பட வேண்டும் என்பதையே பொது விதியாகக் கொண்டது. பண்டிகைக்குக் கொடுக்கும் புடவை அன்பளிப்பு. அன்பளிப்பைக் கொடுங்கள், மகிழ்ந்து கொடுங்கள். அதனைச் சம்பளக் கணக்கில் மட்டும் வரவு வைக்காதீர்கள். நம்முடைய அலுவலகம் தீபாவளிக்கு ஓர் இனிப்புப் பெட்டியைக் கொடுத்துவிட்டு அதன் விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டால் நாம் பொறுப்போமா?

அடுத்து மிகைநேரக் கூலி. எட்டு மணி நேரமே ஒரு நாள் வேலை என்பதற்காக உலகெங்கும் உழைப்பாளர் போராடினர். 1919ஆம் ஆண்டிலேயே சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் தன் முதல் உடன்படிக்கையாக அதனை ஆலைத் தொழிலுக்கு ஏற்றுக்கொண்டது. 1923ஆம் ஆண்டு மே முதல் நாளில் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் மே தினம் கொண்டாடியதை நாம் அறிவோம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், குறித்த நேரத்துக்கு மேல் உழைப்பவருக்கு இரு மடங்கு கூலி என்று விதித்தது. 2019இல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பும் மிகைநேரத்துக்கு இரு மடங்குக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும் என்றே கூறுகிறது.

ஏன் இரு மடங்கு? ஒன்பதாம் மணி நேரமும் முதல் மணி நேரமும் ஒன்றல்ல என்பதே காரணம். களைத்த உடலிலிருந்து பெறும் உழைப்பு அது. மேலும், உழைப்பவர் தம் வீட்டுக்கு உரியதாக வைத்திருந்த நேரம் அது. அந்த நேரத்தை எடுத்துக்கொள்பவர் கூடுதலாகக் கொடுக்கட்டும். கொடுக்க மனமில்லையெனில் உரிய நேரத்தில் வீட்டுக்கு அனுப்பட்டும். இதுவே அவ்விதியின் உட்பொருள்.

இதனை நான் சட்டப் புத்தகத்தில் மட்டும் படித்தறியவில்லை. நான் தலைமையாசிரியனாக இருந்த பள்ளியில் ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மாலைச் சிறப்பு வகுப்புக்கு ஒருநாளும் நிற்பதில்லை. நன்றாகப் படிக்கும் பெண். காரணம் கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். பின்னர் அவளுடைய தாயாரே வந்து சொன்னார். அவர் நகரத்தில் ஒரு வீட்டில் குழந்தையைப் பார்த்துக்கொள்கிறார். மாலை ஆறு மணிக்கு வேலை முடியும் என்பது பேச்சு. ஆனால் எட்டு மணிக்கு முன் விட்டதில்லை. ஆகவே வீட்டிலுள்ள தம்பிக்குச் சோறாக்கிப் போடவும் விளக்கேற்றவும் அந்தச் சிறுமி நான்கரை மணிக்கே ஓட வேண்டியிருந்தது. “கேட்டுப் பார்க்கக் கூடாதா அம்மா?” என்றேன். “அந்தப் பிள்ளை என்னை விடமாட்டேன் என்று அழுகிறது ஐயா, எப்படிக் கேட்பது?” என்றார். கொடுக்கப்படாத அந்த இரண்டு மணி நேரக் கூலியை, வேறொரு வீட்டில் ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுமி தன் படிப்பிலிருந்து எடுத்துச் செலுத்திக்கொண்டிருந்தாள்.

ஆயாக்கள் கூலி கேட்கத் தயங்குவதற்குக் காரணம் அச்சம் மட்டுமன்று. அன்பும் ஒரு காரணம். பழைய அகத்திணைப் பாடல்களில் நற்றாய்க்கு நிகராகச் செவிலித்தாயும் கவலைப்பட்டுப் பேசுகிறாள். தலைவியின் உயிர்த்தோழியைச் செவிலியின் மகள் என்றே தொல்காப்பியம் கூறுகிறது. வளர்த்த கைக்கும் வளர்ந்த குழந்தைக்கும் இடையே உள்ள பற்று அத்தகையது. அந்தப் பற்றைக் காட்டி உழைப்பின் விலையைக் குறைப்பது அறமாகாது.

கண்ணுக்குத் தெரியாத நேரமும் ஒன்று உண்டு. “பிற்பகலில் குழந்தை தூங்கும்போது அவளும் சும்மாதானே இருக்கிறாள்?” என்பார்கள். சும்மா இருக்கிறாரா, அல்லது குழந்தை எந்த நொடியில் அழும் என்று காத்திருக்கிறாரா? 2011ஆம் ஆண்டில் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனம் வீட்டுப் பணியாளருக்கென 189ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. தம் விருப்பப்படி நேரத்தைக் கழிக்க இயலாமல், வீட்டாரின் அழைப்புக்குக் காத்திருக்கும் நேரத்தையும், அந்தந்த நாட்டுச் சட்டம் வகுக்கும் அளவுக்கு, வேலை நேரமாகக் கொள்ள வேண்டும் என்று அது கூறுகிறது. வாரத்துக்கு ஒரு முறை தொடர்ந்து 24 மணி நேர ஓய்வும் வேண்டும் என்கிறது. இந்தியா அதற்கு ஆதரவாக வாக்களித்தது. ஆயினும் அதை இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை.

இரவு நேரத்துக்கும் பிற நாடுகள் கணக்கு வைத்திருக்கின்றன. அமெரிக்காவில் 1974ஆம் ஆண்டு முதல் வீட்டுப் பணியாளரும் கூலிச் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டனர். வெளியிலிருந்து வந்து போகும் ஆயாவுக்கு வாரத்தில் நாற்பது மணி நேரத்துக்கு மேற்பட்ட வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலி. இரவில் உறங்கும் நேரத்தைக் கழித்துக்கொள்ள இருவரும் ஒப்புக்கொண்டாலும், இடையில் குழந்தை எழுப்பினால் விழித்திருந்த நேரத்தைக் கணக்கில் சேர்க்க வேண்டும். நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் அங்கே குடியிருக்கிறார்கள். மணிக்கணக்கில் ஆயாவுக்குக் கூலி கொடுத்துப் பழகியவர்கள் அவர்களிலும் உண்டு. விடுமுறைக்குக் காரைக்குடி வந்ததும் அந்தப் பழக்கத்தை விமான நிலையத்திலேயே விட்டுவிட்டு வர வேண்டியதில்லை.

நம் நாட்டில் சட்டம் வீட்டு வாசற்படியில் தயங்கி நிற்பது உண்மை. வீட்டுப் பணியாளரைக் காக்கத் தனிச் சட்டம் இல்லாத குறையைச் சுட்டிய உச்ச நீதிமன்றம், அது குறித்து ஆராயக் குழு அமைக்குமாறு 2025 ஜனவரியில் மத்திய அரசுக்கு ஆணையிட்டது. சட்டம் வரும்போது வரட்டும். வீட்டுக்காரர் நேர்மையாக நடக்கச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

ஒரு நியாயமான எதிர்வாதத்தையும் நான் மறைக்கலாகாது. “எங்கள் சம்பளமே சிறிது, இரு மடங்கு மிகைநேரக் கூலி கொடுத்துக் கட்டுப்படியாகுமா?” என்று ஓர் இளந்தாய் கேட்டால், அவருடைய இடர் மெய்யானது. தனியார் பள்ளியில் வேலை பார்க்கும் ஆசிரியைக்கு அது பெருஞ்சுமையே. இதற்கு மூன்று வழிகள் தெரிகின்றன. ஒன்று, வேண்டிய நேரத்துக்கு மட்டும் ஆள் வைத்து அந்த நேரத்துக்கு முழுக்கூலி கொடுப்பது. இரண்டு, அண்டை வீட்டார் இருவர் கூடி ஒரே பெண்ணை அமர்த்தி, இரண்டு குழந்தைகளின் பொறுப்புக்கு ஏற்பக் கூலியை உயர்த்திப் பங்கிட்டுக்கொள்வது. மூன்று, பணியிடத்திலேயே குழந்தைகள் காப்பகம் கேட்பது. ஐம்பது பேருக்குக் குறையாமல் பணியாற்றும் நிறுவனங்கள் காப்பக வசதி செய்ய வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மகப்பேறு உதவிச் சட்டத் திருத்தம் விதித்தது. பணியிடம் ஏற்க வேண்டிய செலவை ஓர் ஏழைப் பெண்ணின் கூலியில் குறைப்பது எளிய வழிதான், நேரிய வழியன்று.

செய்யத்தக்கது என்ன என்பதைச் சுருக்கமாகக் கூறுகிறேன். வேலைக்கு அமர்த்தும் நாளன்றே ஒரு தாளில் ஆறு செய்திகளை எழுதி, இருவரும் கையெழுத்திட்டு ஆளுக்கொரு படி வைத்துக்கொள்ளுங்கள். வேலை தொடங்கும் நேரமும் முடியும் நேரமும், மணிக்கு இவ்வளவு என்னும் கூலி, மிகைநேரக் கூலி, வார விடுமுறை, குழந்தையை நாம் வெளியூர் அழைத்துச் செல்லும் நாட்களுக்குச் சம்பளம் உண்டு என்னும் உறுதி, சம்பள நாள். செய்ய வேண்டிய வேலை எது என்பதையும் அப்போதே பேசிக்கொள்வது நலம். குழந்தையைப் பார்க்க வந்தவரிடம் பாத்திரமும் துணியும் ஒவ்வொன்றாகச் சேர்வது வழக்கமாகிவிட்டது.

ஓர் எடுத்துக்காட்டு. மணிக்கு 50 ரூபாய் என்று பேசியிருப்பதாகக் கொள்வோம். நாளுக்கு எட்டு மணி நேரம், மாதம் 26 நாள். மொத்தம் 208 மணி நேரம். சம்பளம் 10,400 ரூபாய். நாள்தோறும் ஒரு மணி நேரம் கூடுதலாக நிறுத்திக்கொண்டால், மணிக்கு 100 ரூபாயாக 26 மணிக்கு 2,600 ரூபாய். ஆக 13,000 ரூபாய். ஐந்தாம் வகுப்பு மாணவன் போடக்கூடிய கணக்கு இது. இதற்குப் பேரேடும் வேண்டியதில்லை. அடுக்களைச் சுவரில் தொங்கும் நாட்காட்டியில் பால் எத்தனை லிட்டர் என்று நாள்தோறும் குறிக்கிறோம் அல்லவா? அதே கட்டத்தில், அதே எழுதுகோலால், அவர் வந்த நேரத்தையும் போன நேரத்தையும் குறித்துவிடலாம்.

நேரத்தைக் குறிக்கத் தொடங்கினால் இன்னொரு நன்மையும் விளையும். நம்மிடமே ஒழுங்கு வரும். 2021ஆம் ஆண்டு முதல் மகளிர் நகரப் பேருந்துகளில் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். ஆனால் சிற்றூருக்குச் செல்லும் மாலைப் பேருந்து போய்விட்டால், அந்தச் சலுகையும் அன்று போய்விடும். ஆட்டோவுக்குக் கொடுக்கும் பணம் அன்றைய கூலியில் பெரும்பகுதியை விழுங்கிவிடும். அலுவலகத்திலிருந்து கால்மணி நேரம் முன்னதாகப் புறப்பட வேண்டும் என்னும் நினைவு, நாட்காட்டியில் எழுதும் கைக்கு வந்தே தீரும். தாமதமானால் பேருந்துச் செலவையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்னும் நினைவும் உடன் வரும்.

பள்ளியில் பிள்ளைகளுக்குக் கணக்குக் கற்பிக்கும்போது, விடை சரியாக இருந்தால் மட்டும் போதாது, வழியையும் எழுது என்று சொல்வோம். ஆயாவின் சம்பளத்துக்கும் அதையே சொல்கிறேன். தொகையை மட்டும் கையில் வைக்காதீர்கள். எத்தனை மணி, மணிக்கு எவ்வளவு, மிகைநேரம் எத்தனை என்னும் வழியையும் எழுதிக் கொடுங்கள். படிக்கத் தெரியாதவராயின் படித்துக் காட்டுங்கள். அவர் வீட்டில் பள்ளிக்குச் செல்லும் பெண் ஒருத்தி இருந்தால், அவள் கூட்டிச் சரிபார்த்துக்கொள்வாள்.